தொழில் தீர்ப்பாயம் தான் வழங்கிய ஊதியத் தீர்ப்பைத் தானே மாற்றலாமா?

ஆலைவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை வட்டாரத்தில் எந்திர உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சங்கக் குழு உறுப்பினராக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். பேச்சுவார்த்தை முறிந்து, சமரச அலுவலர் முறிவறிக்கை அனுப்பிய பிறகு, அரசு எங்கள் ஊதியக் கோரிக்கையைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. பல வாய்தாக்களுக்குப் பின் வந்த தீர்ப்பு, அடிப்படை ஊதியத்தை உயர்த்தியதோடு, விலைவாசிக் குறியீட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் பஞ்சப்படி இவ்வளவு என்றும் நிர்ணயித்தது. அது அரசிதழில் வெளியாகி ஓராண்டுக்கு மேலாகிறது. நிர்வாகமும் அதன்படியே கொடுத்துவந்தது.

இப்போது நிர்வாகம் அதே தீர்ப்பாயத்தில் ஒரு மனு போட்டிருக்கிறது. ஆர்டர்கள் குறைந்துவிட்டதால், புள்ளிக்குரிய தொகையைப் பாதியாக்கித் தீர்ப்பைத் திருத்தித் தர வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். எங்கள் தரப்பிலும் இரண்டு குறைகள் இருக்கின்றன. தீர்ப்பின் இணைப்புப் பட்டியலில், மூன்றாம் நிலைத் தொழிலாளிக்கு அடிப்படை 9,400 ரூபாய், பஞ்சப்படி 3,150 ரூபாய், மொத்தம் 12,050 ரூபாய் என்று தட்டச்சாகியுள்ளது. கூட்டினால் 12,550 வருகிறது. அடுத்ததாக, எங்கள் கோரிக்கைப் பட்டியலில் இருந்த இரவுப்பணிப் படி, அரசாணையிலேயே விடுபட்டுப்போனதால், தீர்ப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நிர்வாகம் திருத்தம் கேட்கலாம் என்றால் நாமும் கேட்கலாமே என்கிறார்கள் தோழர்கள். சட்டம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

வாதுரை எழுதியது:

ஆலைவாசல் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே தீர்ப்பைப் பற்றியவை என்றாலும், சட்டத்தின் பார்வையில் மூன்றும் மூன்று வெவ்வேறு வாசல்கள். தவறான வாசலில் நின்றால் நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். ஊதியத் தகராறு தன் முன் நிலுவையில் இருக்கும்போது தீர்ப்பாயத்துக்கு உள்ள அதிகாரம் மிகப் பரந்தது. சாதாரண உரிமையியல் நீதிமன்றம் ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தான் வைக்க முடியும். தொழில் தீர்ப்பாயமோ தரப்பினரிடையே இல்லாத கடமையையும் புதிதாக உண்டாக்கலாம், இருக்கும் ஒப்பந்தத்தையும் மாற்றி எழுதலாம். 1949இல் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்பிருந்த கூட்டாட்சி நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. இந்தப் பரந்த அதிகாரத்தைப் பார்த்துத்தான் பலரும், தீர்ப்பு வழங்கிய பிறகும் தீர்ப்பாயம் அதை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியன்று. அந்த அதிகாரம் தகராறோடு பிறந்து, தீர்ப்போடு முடிகிறது.

மறுஆய்வு அதிகாரம் எந்த அமைப்புக்கும் இயல்பாக வருவதில்லை. சட்டம் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்தால்தான் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைக் கேட்டு வாங்குவது போன்றவற்றில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களைத் தீர்ப்பாயத்துக்குத் தருகிறது. அந்தப் பட்டியலில் தன் தீர்ப்பைத் தகுதி அடிப்படையில், அதாவது முடிவின் சரி தவறை மீண்டும் எடைபோட்டு, மறுஆய்வு செய்யும் அதிகாரம் இல்லை. 17ஆம் பிரிவோ, வெளியிடப்பட்ட தீர்ப்பு இறுதியானது என்கிறது.

உச்ச நீதிமன்றம் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1980இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கிலும், 2005இல் கப்ரா மஸ்தூர் ஏக்தா யூனியன் வழக்கிலும், நடைமுறைத் தவறுக்கான மறுஆய்வு வேறு, தகுதி அடிப்படையிலான மறுஆய்வு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. ஒரு தரப்புக்கு அறிவிப்பே போகவில்லை, தக்க காரணத்தால் வர முடியாதபோது ஒருதரப்பாகத் தீர்ப்பாகிவிட்டது என்றால், அந்தத் தீர்ப்பை நீக்கி மீண்டும் விசாரிக்கலாம். தீர்ப்பு வெளியாகி 30 நாள் கடந்து அது செயலுக்கு வந்துவிட்டால் இந்த அதிகாரமும் போய்விடுமா என்பதில் தீர்ப்புகள் முரண்பட்டிருந்தன. 2018இல் ஹரியானா சூரஜ் மால்டிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தக்க காரணம் காட்டி நியாயமான காலத்துக்குள் வந்தால் கேட்கலாம் என்று தீர்த்துவைத்தது. ஆனால் இவையெல்லாம் கேட்கப்படாமல் போன தரப்புக்கான பாதுகாப்புகள். உங்கள் நிர்வாகம் எல்லா வாய்தாவிலும் ஆஜராகி, சாட்சி சொல்லி, வாதாடித் தோற்றது. இப்போது அது கேட்பது கூலி விகிதத்தையே மாற்றுவதை. அது தகுதி அடிப்படையிலான மறுஆய்வேயன்றி வேறில்லை. அந்த மனு நிலைக்கத்தக்கதல்ல.

உங்கள் 500 ரூபாய்க் கூட்டல் பிழை வேறு வகை. எழுத்துப் பிழை, தற்செயலாக நேர்ந்த விடுபாடு ஆகியவற்றை எந்த நேரத்திலும் திருத்தும் அதிகாரம் விதிகளில் உண்டு. மத்திய விதிகளில் அது 28ஆம் விதி. தீர்ப்பாயம் மனத்தில் கொண்டிருந்த தொகை, தாளில் தவறாக ஏறிவிட்டது என்பது தீர்ப்பைப் படித்தாலே தெரிய வேண்டும். உங்கள் பட்டியலில் இரண்டு கூறுகளும் சரியாக இருந்து கூட்டுத்தொகை மட்டும் தவறியிருப்பதால், ஒரே பக்கத்தில் எழுதிய மனுவே போதும்.

இரவுப்பணிப் படிக்கு இந்த வழி உதவாது. 10ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, அரசாணையில் குறிப்பிட்ட பொருள்களையும் அவற்றோடு ஒட்டிய துணைப்பொருள்களையும் தவிர வேறெதிலும் தீர்ப்பாயம் நுழையக்கூடாது என்கிறது. துணைப்பொருள் என்ற போர்வையில் தனியான படியொன்றை உள்ளே கொண்டுவர முடியாது. விசாரணையின்போதே அதைக் கொடுத்திருந்தால் அதிகார வரம்பு மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் அந்தப் பகுதி உடைந்திருக்கும். இப்போது எழுத்துப் பிழை என்று சொல்லிச் சேர்ப்பதற்கு இடமே இல்லை. அதற்குப் புதிய கோரிக்கை எழுப்புவதுதான் வழி.

நிர்வாகவியல் எழுதியது:

நான் பல ஆண்டுகள் பணியாளர் துறையில், நிர்வாகத்தின் பக்கம் நின்று வேலை பார்த்தவன். வாதுரை ஐயா மனுவின் வடிவத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஊதியத் தீர்ப்பு கல்வெட்டாகிவிடுகிறது என்ற எண்ணம் இங்கு படிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது. சந்தை சரியும்போது தொழிலே மூடப்படும் நிலை வந்தால், ஊதிய அமைப்பைத் தொழிலாளிக்குப் பாதகமாகவும் மாற்றலாம் என்று கிரௌன் அலுமினியம் ஒர்க்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பஞ்சப்படி விலையேற்றத்தை ஈடுகட்டுவதையும் தாண்டிப் போய்விடும் நிலையைப் பற்றியும் தீர்ப்புகள் உள்ளன.

19ஆம் பிரிவும் இதற்கு வழிவிடுகிறது. தீர்ப்பு செயலுக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டு நடப்பில் இருக்கும். அரசு அதை நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் மூன்றாண்டுகளைத் தாண்டக்கூடாது. தீர்ப்புக்கு அடிப்படையான சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டிருந்தால், அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவும் செய்யலாம். ஆகவே நிர்வாகம் தவறான தாளில் எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்ட பொருளே தவறு என்று சொல்லிவிட முடியாது.

வாதுரை எழுதியது:

நிர்வாகவியல் அவர்கள் எடுத்துக்காட்டிய 19ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். சூழ்நிலை மாற்றம் என்று அரசு அனுப்பினாலும், 4ஆம் உட்பிரிவின் கீழ் தீர்ப்பாயம் முடிவு செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தீர்ப்பு நடப்பில் இருக்கும் காலத்தைக் குறைக்கலாமா என்பது. புள்ளிக்கு இவ்வளவு என்ற தொகையை அங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. காலம்தான் சுருங்கும், விகிதம் மாறாது. அந்தப் பரிந்துரையும் அரசிடமிருந்து வர வேண்டும். நிர்வாகம் நேராகத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு அதைப் பெற முடியாது.

ஓராண்டு முடிந்தவுடன் தீர்ப்பு தானாகச் செத்துவிடுவதும் இல்லை. அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவுப்படி, ஒரு தரப்பு முடிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் கழியும்வரை அது கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பையும் கட்டுண்டவர்களில் பெரும்பான்மையோரின் சார்பாகவே கொடுக்க முடியும். அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதமும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுங்கூட ஊதியம் பழைய நிலைக்கு இறங்கிவிடுவதில்லை. சௌத் இந்தியன் வங்கி எதிர் சாக்கோ வழக்கில் 1964இல் சொல்லப்பட்டது இதுதான்: தீர்ப்பின் காலம் முடிந்தாலும், அது உருவாக்கிய நிபந்தனைகள் தரப்பினரிடையே ஒப்பந்தம்போல நீடிக்கும், புதிய ஒப்பந்தமோ புதிய தீர்ப்போ வந்துதான் அவற்றை அகற்ற வேண்டும். 1980இல் ஆயுள் காப்பீட்டுக் கழக வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் ஒப்பந்தங்களுக்கும் இதே நிலையைக் கூறினார். இடையில் வெற்றிடம் கிடையாது. தொழிலாளர் சட்டத்தில் எனக்கு மிக நியாயமாகப் படும் கோட்பாடுகளில் இது ஒன்று. மாதச் சம்பளத்தை நம்பிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுபவரின் ஊதியம், ஓர் அறிவிப்புக் கடிதத்தால் ஒரே நாளில் சரிந்துவிடக்கூடாது.

அதன் பிறகு புதிய தகராறாக வந்தாலும், பழைய தீர்ப்பு கண்டுகொள்ளப்படாமல் போவதில்லை. பர்ன் அண்ட் கம்பெனி வழக்கில், ஒரு தீர்ப்பு தொடர்ந்து நடப்பில் இருக்கும்போது, அதற்கு அடிப்படையான சூழ்நிலை மாறியிருந்தாலொழிய அடுத்த தீர்ப்பாயம் அதைப் புரட்டிப் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஊதிய விஷயத்தில் இந்த விதியை இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை என்று பின்னர் வந்த தீர்ப்புகள் தளர்த்தியும் பேசியுள்ளன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் காரணம் காட்டாமல் கலைப்பதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை.

கிரௌன் அலுமினியம் வழக்கைப் பாதியில் நிறுத்திப் படிக்கக்கூடாது. பாதகமாக மாற்றலாம் என்று சொன்ன அதே தீர்ப்பு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறக்க முடியாது என்றும், அதைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே இல்லை என்றும் சொல்கிறது.

ஆலைவாசல் எழுதியது:

விளக்கத்துக்கு மிக்க நன்றி. எங்கள் வழக்கைப்போலப் பஞ்சப்படியைக் குறைக்கச் சொல்லி நிர்வாகம் முறைப்படியே தகராறு எழுப்பி, தீர்ப்பாயமும் குறைத்துக் கொடுத்த வழக்கு ஏதேனும் உண்டா? நிர்வாகம் அடுத்தபடியாக அந்த வழிக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வாதுரை எழுதியது:

உண்டு, அதுவும் சென்னையில் நடந்தது. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில், பஞ்சப்படி இரட்டைப் பிணைப்பில் இருந்தது. எடுத்துக்காட்டாகச் சொன்னால், ஒற்றைப் பிணைப்பில் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் எல்லாருக்கும் 2 ரூபாய் ஏறும். இரட்டைப் பிணைப்பில் அடிப்படை 5,000 வாங்குபவருக்குப் புள்ளிக்கு 2 ரூபாயும் 8,000 வாங்குபவருக்கு 3 ரூபாயும் ஏறும். அதாவது விலைவாசியோடும் அடிப்படை ஊதியத்தோடும் பஞ்சப்படி சேர்ந்தே நகரும். இந்த முறையை நிறுவனமே தொடங்கி, அடுத்தடுத்த ஒப்பந்தங்களிலும் ஏற்றுக்கொண்டிருந்தது. பிற்பாடு, தொழிலாளர்கள் வட்டாரத்தில் உள்ள பிறரைவிட மிக உயர்ந்த ஊதியத் தீவில் இருக்கிறார்கள் என்று கூறி, அதை ஒழிக்கச் சொல்லித் தகராறு எழுப்பியது. தீர்ப்பாயம் ஒழித்துக் கொடுத்தது. உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

1991 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, கேள்வியை நிர்வாகத்தின் பக்கம் திருப்பியது. உங்கள் நிதிநிலை மோசமாகிவிட்டதற்குச் சான்று எங்கே, இந்தத் தொழிலாளர்கள் குறைந்தபட்ச ஊதிய அளவையாவது தாண்டிவிட்டார்கள் என்பதற்குச் சான்று எங்கே என்பதே அதன் அடிப்படை. 1957ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச ஊதியத்துக்கு வகுத்த ஐந்து அளவுகோல்கள் பலருக்கும் தெரிந்திருக்கும்: ஒருவர் வருமானத்தில் வாழும் மூன்று நுகர்வு அலகுகள் (முழு ஆள் கணக்கில் மூவரின் தேவை), உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. இவற்றோடு பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 விழுக்காட்டை ஆறாவது கூறாக அந்தத் தீர்ப்பு சேர்த்தது. அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்காமல், ஊதியம் மிகையாகிவிட்டது என்று முடிவு கட்டியதுதான் தீர்ப்பாயம் செய்த பிழை.

உங்களுக்கு இதில் பயன்படுவது சான்றுச் சுமை யார் தலையில் என்பதுதான். ஆர்டர் குறைந்துவிட்டது என்று மனுவில் ஒரு வரி எழுதினால் போதாது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் கொண்டுவந்து, அவற்றைத் தயாரித்தவர்கள் சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். அடுத்த தகராறு வருவதற்குள், உங்கள் உறுப்பினர்களின் ஊதியத்தை இந்த ஆறு கூறுகளோடு ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற_காசாளர் எழுதியது:

தோழர்களே, வங்கி ஊழியர் சங்கத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு வரலாற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஊதியத் தீர்ப்பின் எல்லைகளை எங்கள் துறையைப்போல அனுபவத்தில் கற்றவர்கள் குறைவு.

வங்கித் தகராறுகளுக்காக 1949இல் நீதிபதி கே.சி.சென் தலைமையில் அமைந்த அகில இந்தியத் தீர்ப்பாயம் 1950இல் தீர்ப்பு அளித்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை முழுவதும் செல்லாது என்று தள்ளியது. கொடுத்த தொகையைப் பற்றிய குறையால் அது விழவில்லை. உறுப்பினர்களில் ஒருவரான நீதிபதி சந்திரசேகர ஐயர் வேறு பணிக்குச் சென்றிருந்த காலத்தில், தீர்ப்பாயத்தை முறைப்படி மாற்றியமைக்காமலே மற்றவர்கள் விசாரணையை நடத்தியிருந்தார்கள். அமைப்பே சட்டப்படி இல்லை என்பதால் அத்தனை உழைப்பும் வீணாயிற்று. நாடு முழுவதும் வங்கி ஊழியர்கள் எதிர்பார்த்திருந்த ஊதியம் மீண்டும் தொடக்கத்துக்கே போனது.

பிறகு பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான தீர்ப்பாயம் 1953இல் தீர்ப்பு அளித்தது. அன்றைக்கு இருந்த தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1954இல் அதில் ஊழியர்களுக்குச் சாதகமான சில மாற்றங்களைச் செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு, சட்டம் தந்த அதிகாரத்தைக் காட்டி, அந்த மேல்முறையீட்டு முடிவை ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. அதை ஏற்க முடியாமல் தொழிலாளர் துறை அமைச்சர் வி.வி.கிரி பதவி விலகினார். அவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர். அந்தப் பதவி விலகலைத்தான் எங்கள் தலைமுறை இன்றும் நன்றியோடு பேசுகிறது. நீதிபதி கஜேந்திரகட்கர் ஆணையத்தின் பரிந்துரைகளைப் பெற்று, 1955இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித்தான் அந்தச் சிக்கல் முடிந்தது. தீர்ப்பாயத்துக்கு எல்லை உண்டு என்று பேசும்போது, அரசுக்கும் எல்லை உண்டா என்ற கேள்வியையும் இங்கு எழுப்ப வேண்டும்.

சட்டமாணவி எழுதியது:

ஐயா, அந்தக் கேள்வியையே நானும் கேட்க நினைத்தேன். 17ஏ பிரிவில், பொதுக் காரணங்களுக்காகத் தீர்ப்பு செயலுக்கு வரக்கூடாது என்று அரசு அறிவிக்கலாம், 90 நாளுக்குள் அதை நிராகரிக்கவோ திருத்தவோ செய்யலாம் என்று இருக்கிறதே. தீர்ப்பாயத்துக்கே இல்லாத அதிகாரம் அரசுக்கு எப்படி இருக்க முடியும்?

வாதுரை எழுதியது:

அந்தக் கேள்வியை நீதிமன்றங்களும் கேட்டன. அரசே முதலாளியாக இருக்கும் தகராறில், தோற்ற தரப்பே தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வழிசெய்யும் ஏற்பாடு அது. 1997இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பகுதி அரசமைப்புக்கு முரணானது என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. நீதித்துறை முடிவின் மேல் நிர்வாகத்துறை மேல்முறையீட்டு மன்றம்போல் உட்கார முடியாது என்ற அடிப்படையில், 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியிருந்தும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் அதேபோன்ற வாசகம் மீண்டும் இடம்பெற்றிருப்பது எனக்குக் கவலை தருகிறது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இது மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போகும் என்றே நினைக்கிறேன்.

ஆலைவாசல் அவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு மாற்றமும் தொகுப்பில் உண்டு. சமரசம் முறிந்தபின், அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தரப்பினரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்கள் இரவுப்பணிப் படி அரசாணையில் விடுபட்டதுபோன்ற இழப்பு இனி அதே வடிவில் நேராது. ஆனால் விண்ணப்பத்தில் எதை எழுதுகிறீர்கள் என்பதில் சங்கத்தின் பொறுப்பு கூடுகிறது.

நிர்வாகவியல் எழுதியது:

நடைமுறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நிர்வாகத்துக்கு உண்மையிலேயே நெருக்கடி என்றால், கணக்கைத் திறந்து காட்டி, குறிப்பிட்ட காலத்துக்குப் பஞ்சப்படியின் ஒரு பகுதியை ஒத்திவைக்கும் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச அலுவலர் முன்னிலையில் செய்யும் ஒப்பந்தம், போடுவதே நல்லது. தீர்ப்பாயத்தால் மாற்ற முடியாததையும், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாதவரை, இரு தரப்பும் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். சங்கத்திடம் கணக்கைக் காட்டத் தயங்கும் நிர்வாகம் பின்னால் தீர்ப்பாயத்தில் எப்படியும் காட்டத்தான் வேண்டும்.

ஆலைவாசல் எழுதியது:

கணக்கைக் காட்டினால் பேச நாங்கள் தயார்தான். பொதுக்குழுவிலும் அதைச் சொல்லியிருக்கிறோம். கடைசியாக ஒன்று. மனு நிலுவையில் இருக்கும்போதே அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர்கள் வாய்மொழியாகச் சொல்லிவருகிறார்கள். அதற்கு என்ன செய்வது? எதிருரையில் எதை முதலில் சொல்ல வேண்டும்?

வாதுரை எழுதியது:

அப்படிப் பிடித்தால் அது நடப்பில் உள்ள தீர்ப்பை மீறுவதாகும். உங்கள் தீர்ப்பு பழைய சட்டத்தின் கீழ் வந்தது என்பதால் அந்தச் சட்டத்தின் பிரிவு எண்களையே சொல்கிறேன். தொகுப்பின் நிலைமாற்று விதிகளோடு அவற்றைச் சேர்த்துப் படிக்க உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பை மீறுவது 29ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பிடித்த தொகையை 33சி(1) பிரிவின் கீழ் நிலவரி பாக்கியைப்போல ஆட்சியர் வழியே வசூலிக்கலாம். தொகையைக் கணக்கிடுவதில் தகராறு வந்தால் 33சி(2)இன் கீழ்த் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நீதிமன்றமும் தீர்ப்பில் உள்ளதைக் கணக்கிட்டுத் தருமே தவிர, கூட்டவோ குறைக்கவோ செய்யாது. சம்பளச் சீட்டுகளை இப்போதிருந்தே நகலெடுத்து வையுங்கள்.

கூட்டல் பிழைக்கான மனுவைத் தனியாகப் போடுங்கள். அதில் இரவுப்பணிப் படியைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. படிக்கான கோரிக்கையைத் தொழிலாளர் துணை ஆணையர் முன்னிலையில் புதிதாக எழுப்புங்கள். எதிருரையின் முதல் பத்தியிலேயே, தகுதி அடிப்படையில் மறுஆய்வு செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்பதால் மனு நிலைக்கத்தக்கதல்ல என்று எழுதி, இதை முதனிலைப் பிரச்சினையாக எடுத்து முடிவு செய்யும்படி கேளுங்கள். நிதிநிலை பற்றிய மறுப்பு அதற்கு அடுத்த பத்தியில், முதல் ஆட்சேபணைக்குப் பாதகமில்லாமல் என்ற வாசகத்தோடு வரட்டும்.